ஒளிப்பதிவாளர் இயக்குநராவது பதவி உயர்வா?

வாசகர் கேள்வி:

சார், கேமரா அசிஸ்டென்டாகச் சேர்ந்து, இப்போது அசோசியேட்டாக இருக்கிறேன். இரண்டு சின்னப் படங்களுக்குத் தனியாக ஒளிப்பதிவும் செய்துவிட்டேன். அதில் ஒரு படத்தின் தயாரிப்பாளர் இப்போது, "அடுத்த படத்தை நீயே டைரக்ட் பண்ணு, கேமராவையும் நீயே பார்த்துக்கோ, ஒரு சம்பளம் மிச்சம்" என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பயம். ஃபிலிம் சொசைட்டியில் பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தாரின் படங்களை வரிசையாகப் போட்டார்கள். அவர் இயக்கிய முதல் படமே கான் விழாவில் பரிசு வாங்கியது, ஆனால் பிறகு மறுபடியும் கேமராவுக்கே திரும்பிவிட்டார் என்று சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆளே இயக்குநராக நிலைக்கவில்லை என்றால் நான் எம்மாத்திரம்? ஒத்துக்கொள்ளலாமா?

- ஒரு அசோசியேட் கேமராமேன், சென்னை

பதில்:

தம்பி, கூத்தாரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட தகவல் சரிதான். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. அவர் கேமராவுக்குத் திரும்பியதைத் தோல்வியாக நீங்கள் படிப்பதற்குக் காரணம், நம் துறையில் எல்லோர் மனதிலும் ஒரு ஏணி இருக்கிறது: அசிஸ்டென்ட், அசோசியேட், கேமராமேன், அதற்கு மேல் டைரக்டர். அந்தக் கடைசிப் படி உண்மையில் அந்த ஏணியிலேயே இல்லை. அது வேறு வேலை. கூத்தாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும். உங்கள் தயாரிப்பாளருக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

கூத்தார் 1924இல் பாரிஸில் பிறந்தவர். வேதியியல் படிக்க ஆசைப்பட்டார், கட்டணம் கட்ட வழியில்லாமல் புகைப்படக் கலைக்கு வந்தார். 1945இல் ராணுவம் அவரை இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா பகுதிக்கு, அனுப்பியது. போர்ப் புகைப்படக்காரராக, அப்புறம் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவராக, 11 வருடம் அங்கேயே இருந்தார். இந்த 11 வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1956இல் பியேர் ஷோன்டோர்ஃபர் என்பவர் ஆப்கானிஸ்தானில் ஒரு படம் எடுக்க அவரைக் கூப்பிட்டார். ஷோன்டோர்ஃபரும் இந்தோசீனாவில் ராணுவத்துக்காகக் கேமரா பிடித்தவர், 1954இல் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ போரில் சிறைப்பட்டு மீண்டவர். ஸ்டில்ஸ் எடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து கூத்தார் ஒத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். சினிமா கேமராவை அதுவரை அவர் தொட்டதே இல்லை. ஷோன்டோர்ஃபருக்கு மேலும் இரண்டு படங்கள் செய்தார். அவற்றின் தயாரிப்பாளர் ஜார்ஜ் த போரகார்தான் கூத்தாரை இயக்குநர் ழான்-லுக் கோதாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1959 கோடையில் பாரிஸ் தெருக்களில் கோதாரின் 'பிரெத்லெஸ்' படப்பிடிப்பு தொடங்கியது.

அந்தப் படத்தின் கதைகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி, ஷான்ஸ் எலிசே சாலையில் தபால் வண்டிக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டது எல்லாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஃபிலிம் விஷயம். இரவுக் காட்சிகளை விளக்கே போடாமல் எடுக்க வேண்டும் என்று கோதார் ஆசைப்பட்டார். அவ்வளவு குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம் கொண்ட சினிமா ஃபிலிம் அன்றைக்குக் கிடையாது. ஆனால் ஸ்டில் கேமராக்காரர்களுக்காக இல்ஃபோர்டு எச்பிஎஸ் என்ற வேகமான ஃபிலிம் விற்பனையில் இருந்தது. அது 17.5 மீட்டர் சுருளாகத்தான் வரும். அந்தத் துண்டுச் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டி, கேமெஃப்ளெக்ஸ் கேமராவில் மாட்டி, லேபிலும் தனியாகச் சொல்லி வேகத்தை இன்னும் கூட்டி டெவலப் செய்தார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவருக்கு அந்த ஃபிலிம் புதிதல்ல. போர்முனையில் யாரும் உங்களுக்கு லைட் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். இருக்கிற வெளிச்சத்தில் எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் படம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே பாரிஸுக்குக் கொண்டுவந்தார் கூத்தார்.

அடுத்து, அறைக்குள் அவர் லைட்டிங் செய்த விதம். அன்றைய ஸ்டுடியோ முறை உங்களுக்குத் தெரியும். நடிகைக்குத் தனி விளக்கு, முடிக்குப் பின்னால் ஒரு விளக்கு, தரையில் சாக்பீஸ் குறி. குறியை விட்டு ஒரு அடி நகர்ந்தால் முகம் இருட்டு. கோதார் நடிகர்களை அப்படி நிறுத்த மாட்டார். எங்கே நிற்பார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அவருக்கே கடைசி நேரம்வரை தெரியாது. அதனால் கூத்தார் போட்டோஃப்ளட் எனப்படும் பிரகாசமான புகைப்பட பல்புகளைச் சுவர் உச்சியில் வரிசையாகப் பொருத்தி, எல்லாவற்றையும் உட்கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். கூரையில் பட்டு இறங்கும் மென்மையான வெளிச்சம் அறை முழுக்க ஒரே அளவில் பரவும். நடிகர் ஜன்னலோரம் போகலாம், கட்டிலில் விழலாம், கதவைத் திறந்து குளியலறைக்குள் எட்டிப் பார்க்கலாம். எங்கே போனாலும் படம் பிடிக்கலாம். நாம் இன்றைக்கு தெர்மோகோல் வைத்து பவுன்ஸ் கொடுப்பதை யோசிக்காமல் செய்கிறோம். அன்றைக்கு அது துணிச்சல்.

இதில் கவனிக்க வேண்டியது அழகை அல்ல, நேரத்தை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் பாதி நாள் நடிகர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கூத்தார் அந்தப் பாதி நாளை எடுத்து இயக்குநர் கையிலும் நடிகர் கையிலும் கொடுத்தார். கோதாரின் ஆட்கள் அவ்வளவு இயல்பாக நடமாடுகிறார்கள் என்றால் அதில் கூத்தாரின் விளக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒளிப்பதிவாளராக இருந்தபடியே ஒரு படத்தின் நடிப்பையும் ஓட்டத்தையும் தீர்மானிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நம் குரல் படத்தில் கேட்கும் என்று நீங்கள் நினைத்தால் அவருடைய படங்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கோதாருக்கு 'கன்டெம்ப்ட்', த்ரூஃபோவுக்கு 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்', ழாக் தெமிக்கு 'லோலா', கோஸ்டா-காவ்ராஸுக்கு 'இசட்': நாலு இயக்குநர்கள், நாலு விதமான வெளிச்சம். 'கன்டெம்ப்ட்' தொடக்கத்தில் பெயர்ப் பட்டியல் எழுத்தாக வராது. பங்களித்தவர்கள் பெயரை ஒரு குரல் வாசிக்கிறது, தண்டவாளத்தில் ஒரு கேமரா நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கூத்தாரேதான். கடைசியில் அந்த லென்ஸ் நம்மைப் பார்த்துத் திரும்பும். 1963இல் உலகத்தில் எத்தனை ஒளிப்பதிவாளருக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது?

சரி, இப்படிப்பட்டவர் ஏன் இயக்க வந்தார்? அங்கேதான் அந்த 11 வருடம் வருகிறது.

1970இல் வெளியான 'ஹோவா பின்' வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுக்கப்பட்ட படம். அப்பா போராளிகளோடு போய்விடுகிறார், அம்மா நோயில் இறந்துவிடுகிறாள். ஒரு சிறுவன் கைக்குழந்தையான தங்கையைத் தூக்கிக்கொண்டு சைகோன் தெருக்களில் பிழைப்பு தேடுகிறான். கதை அவ்வளவுதான். எந்தத் தரப்புக்கும் கொடி பிடிக்காமல், அந்தப் பையனின் உயரத்திலிருந்தே போரைப் பார்க்கிறது. கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசு, பிரான்சில் ழான் விகோ விருது, சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரை மூன்றும் கிடைத்தன. அந்த மண்ணில் 11 வருடம் வாழ்ந்த ஒருவரிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. அதை இன்னொரு இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு வெறும் கேமரா மட்டும் பிடித்திருக்க முடியாது. அதனால் அவரே இயக்கினார்.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு யார் தெரியுமா? ஜார்ஜ் லிரோன். பிரான்சின் ஆகப் பெரிய ஒளிப்பதிவாளர், தனக்கு அத்தனை பழக்கமான ஊரில், தன் முதல் படத்தில், கேமராவை வேறொருவர் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் இயக்கிய படங்கள் இரண்டு. ஒன்று 1980இல், ஆப்பிரிக்காவில் கொல்வேசி நகரில் பிரெஞ்சுப் படை இறங்கிய ராணுவ நடவடிக்கையைப் பற்றியது. இன்னொன்று 1983இல், விற்பனையில் சக்கைப்போடு போட்ட ஓர் உளவு நாவல் வரிசையிலிருந்து எடுத்தது. இரண்டுமே கையில் கொடுக்கப்பட்ட கதைகள். வேலை தெரிந்த ஆள் எடுத்த படங்கள் என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதல் படத்தில் இருந்த அவசியம் இவற்றில் இல்லை என்பது என் கருத்து.

நடுவே 1977இல் ஒன்று நடந்தது. தன் கையில் முதன்முதலில் சினிமா கேமராவைக் கொடுத்த அதே ஷோன்டோர்ஃபருக்காக 'லெ க்ராப் தாம்பூர்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்யப் போனார் கூத்தார். கான் பரிசும் ஆஸ்கார் பரிந்துரையும் பெற்ற இயக்குநர், வட அட்லாண்டிக் கடலில், நிஜப் போர்க்கப்பலில், இன்னொருவரின் படத்துக்காகக் கேமரா பிடிக்கிறார். பொங்கும் கடலையும் கப்பலின் சாம்பல் நிறத்தையும் அந்தப் படத்தில் பாருங்கள், தம்பி. மனம் இறங்கிப்போன ஆள் எடுத்த படமாகவா தெரிகிறது? 1978இல் அதற்கு செசார் விருது கிடைத்தது, பிரெஞ்சு சினிமாவின் ஆகப் பெரிய விருது. 1967க்குப் பிறகு பிரிந்திருந்த கோதாரும் 1982இல் 'பாஷன்' படத்துக்காக அவரைத் திரும்ப அழைத்தார். பழைய ஓவியங்களை நிஜ மனிதர்களை வைத்து ஸ்டுடியோவில் அப்படியே உருவாக்க முயலும் ஒரு இயக்குநரின் கதை அது. 'வெளிச்சம் சரியில்லை' என்பதுதான் அந்த இயக்குநரின் ஓயாத புலம்பல். ரெம்பிராண்டின் ஓவியத்துக்கு உயிருள்ள ஆட்களை வைத்து விளக்கமைப்பது எவ்வளவு பெரிய சவால் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கான் விழா அந்த வருடம் தொழில்நுட்பத்துக்கான பரிசை கூத்தாருக்குக் கொடுத்தது. எழுபது வயதைத் தாண்டியும் இயக்குநர் ஃபிலிப் கரெலுக்குக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக் கொடுத்தார். 2016இல், 92 வயதில் காலமானார். இதில் எந்த இடத்தில் தம்பி, 'நிலைக்கவில்லை' என்ற பேச்சு வருகிறது?

இவர் ஒருவர் மட்டும் இல்லை. புரூனோ நுய்தென் 'ழான் த ஃப்ளோரெத்' படத்தில் தென் பிரான்சின் வெயிலைப் பிடித்தவர். 1988இல் சிற்பி கமீல் க்ளோதெலின் வாழ்க்கையை அவர் இயக்கினார். இசபெல் அட்ஜானி நடித்த அந்தப் படம் சிறந்த படம் உட்பட ஐந்து செசார் விருதுகளை வாங்கியது. அதில் ஒளிப்பதிவுக்கான விருதும் ஒன்று, ஆனால் அது நுய்தெனுக்கு இல்லை, பியேர் லோமுக்கு. ஈவ் ஆஞ்செலோவையும் சொல்ல வேண்டும். மும்பை, சென்னை, கோவா என்று நம் ஊர்களில் அலையும் ஒரு பிரெஞ்சுக்காரனின் கதையை 1989இல் இயக்குநர் அலேன் கொர்னோவுக்காகப் படம் பிடித்து செசார் வாங்கியவர். 1994இல் நாவலாசிரியர் பால்சாக்கின் கதையை வைத்து 'கர்னல் ஷாபேர்' படத்தை இயக்கினார். கேமரா பெர்னார் லுதிக்கிடம். மேலும் பல படங்கள் இயக்கிய பிறகும் கொர்னோ கூப்பிட்டபோது ஆஞ்செலோ மறுபடி ஒளிப்பதிவாளராகப் போய் நின்றார்.

மூன்று பேர், மூவருக்கும் கேமரா கைவந்த கலை, மூவரும் முதல் படத்தில் கேமராவை விட்டுக்கொடுத்தார்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். டேக் ஓடிக்கொண்டிருக்கிறது. நடிகை வசனத்தின் கடைசி வார்த்தையில் கொஞ்சம் பொய்யாக இழுக்கிறார். அதே நொடியில் வெளியே போகும் லாரியின் ஹெட்லைட் ஜன்னல் வழியாக அவர் கன்னத்தில் ஏறி இறங்குகிறது. உங்கள் கண் எதைப் பார்க்கும்? நிச்சயமாக அந்த வெளிச்சத்தைத்தான். "ஓகே, சூப்பர்" என்பீர்கள். எடிட்டிங் டேபிளில் உட்காரும்போதுதான் அந்தப் பொய்யான வார்த்தை காதில் விழும். அப்போது செட்டும் இருக்காது, நடிகையும் இருக்க மாட்டார். பல வருடம் பழக்கிய கண்ணை ஒரே நாளில் சும்மா இரு என்று சொல்ல முடியாது. அதற்கு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.

நம்மிடம் பாலு மகேந்திரா இருந்தாரே என்று கேட்பீர்கள். ஆமாம், அவர் தன் படங்களை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, எடிட்டும் செய்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கதைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர், ஒரு வீடு, ஜன்னல் வெளிச்சம் என்ற அளவில் அவரே அமைத்துக்கொண்டவை. அந்த முறை அவருடைய கதைகளிலிருந்து பிறந்தது. சம்பளம் மிச்சம் பிடிப்பதிலிருந்து பிறக்கவில்லை. பி.சி. ஸ்ரீராமையும் யோசித்துப் பாருங்கள். மூன்று படங்களை இயக்கிவிட்டு ஒளிப்பதிவிலேயே தொடர்ந்தார். அவர் கீழே இறங்கிவிட்டதாக நம்மில் யாராவது நினைத்தோமா?

இனி உங்கள் விஷயம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தயாரிப்பாளர் என்ன சொன்னார், வீட்டில் என்ன சொன்னார்கள் எல்லாம் இருக்கிறது. கதை என்ன என்று ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் ஒரு கதை இருந்து, எழுத மறந்திருந்தால் நல்லது. கதை தயாரிப்பாளருடையது என்றால் ஸ்கிரிப்டை வாங்கிக்கொண்டுபோய் ஒரே மூச்சில் படியுங்கள். படிக்கும்போது உங்களுக்குத் தோன்றுவது லென்ஸும் லொகேஷனும் மட்டும்தானா, இல்லை இந்தப் பெண் ஏன் இப்படிப் பேசுகிறாள், இந்த அண்ணன் இங்கே சும்மா இருப்பானா என்றும் தோன்றுகிறதா என்று பாருங்கள். முதலாவது மட்டும் என்றால் அந்தப் படத்துக்கு நீங்கள் நல்ல ஒளிப்பதிவாளர். அதை அப்படியே தயாரிப்பாளரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு சோதனை இருக்கிறது, என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது. ஸ்கிரிப்டில் சண்டை, பாட்டு எதுவும் இல்லாத, இரண்டு பேர் பேசும் ஒரு காட்சியை எடுங்கள். தெரிந்த நாடக நடிகர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு அறையில் காலையிலிருந்து மதியம்வரை அதை ஒத்திகை பாருங்கள். கேமரா கூடாது, வியூஃபைண்டர் கூடாது, போனைக்கூட வெளியே வைத்துவிடுங்கள். விரலால் ஃபிரேம் போட்டுப் பார்க்கவும் கூடாது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா, பதில் இல்லாத இடத்தில் அவர்களோடு சேர்ந்து தேடுவதில் உங்களுக்குச் சுவை இருக்கிறதா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். சிலருக்குப் பத்து நிமிஷத்தில் கை பரபரக்கும், எப்போது லைட் போடலாம் என்று. அவர்கள் பிறவி ஒளிப்பதிவாளர்கள். சினிமாவுக்கு அவர்கள் வேண்டும்.

இதிலெல்லாம் தேறி, செய்யத்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தயாரிப்பாளரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: கேமராவுக்குத் தனி ஆள். பெரிய பெயர் வேண்டியதில்லை. உங்களோடு அசிஸ்டென்டாக இருந்த, இன்னும் தனிப் படம் கிடைக்காத நண்பர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சம்பளத்தை உங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது அவரைக் கொண்டுவாருங்கள். கொண்டுவந்த பிறகு அவர் வைத்த விளக்கில் கை வைக்காதீர்கள். காட்சியில் என்ன உணர்வு வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள், எந்த லைட் என்று சொல்லாதீர்கள். கூத்தாருக்குக் கோதார் கொடுத்த சுதந்திரம் அதுதான்.

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளாமல், இரண்டையும் நீயே செய் என்று பிடிவாதம் பிடித்தால், இரண்டு வேலைக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி சம்பளம் கேளுங்கள். சம்பளம் மிச்சம் என்ற பேச்சு அப்போது நின்றுவிடும். அதன் பிறகும் அவர் உங்களை வேண்டும் என்று சொன்னால், அவருக்கு உங்கள் மேல் நிஜமான நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அவர் தேடியது இயக்குநரை அல்ல. அப்போது யோசிக்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முடிவு எதுவானாலும், இப்போது நீங்கள் அசோசியேட்டாக வேலை பார்க்கும் கேமராமேனிடம் இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், யூனிட்டில் யாரோ சொல்லி அவர் காதுக்குப் போவதற்கு முன்னால். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டு, என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.